இருதயமும் இருபாலாரும்



இருதய நோயைப் பற்றி வானொலியில் பேச வருகிறவர் பெரும்பாலும் டாக்டராக இருப்பார். நாம் டாக்டர் அல்லோம். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில், ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எழுதித் தருவது நம் தொழில். ஆதலின் மருந்தின் பெயரையோ அளவையோ இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் சுகாதாரம் பற்றிய அறிக்கைகள் மேசைக்கு வரும்போது, ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்து பேனாவைச் சற்றே நிறுத்திவிடும். 'ரிஸ்க் ஃபாக்டர்' என்பது அச்சொல். அதனை 'அபாயக் காரணி' என்று தமிழாக்குகிறோம்.

'காரணம்' என்றே எழுதிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. இரவில் விளக்கில்லாமல் சைக்கிளில் செல்கிறவர் எல்லோரும் விழுந்துவிடுவதில்லை. விளக்கோடு செல்கிறவருள்ளும் விழுவோர் உண்டு. ஆயினும் ஆயிரம் பேரை எண்ணிப் பார்த்தால், விளக்கில்லாதவருள் விழுந்தவர் தொகை மிகுந்திருக்கும். அந்த மிகுதிதான் அபாயம். விளக்கில்லாமை அதன் காரணி. காரணம் என்பது பெரும்பாலும் விழுந்த பிறகு தேடப்படுவது. காரணியையோ முன்கூட்டியே அளக்கலாம், அளந்து குறைக்கலாம்.

இந்தக் காரணிகள் எக்காலத்தும் ஒரே நிலையில் நின்றவை அல்ல. தந்தையின் காலத்தில் பெரிதாக இருந்த ஒன்று மகனின் காலத்தில் சிறிதாகிறது. தாய் அறியாத ஒன்று மகளிடம் வந்து சேருகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை ஒரே அளவாகவும் இல்லை. அமெரிக்காவின் ஒரு சிற்றூர், நம்மில் பலர் குடியேறி வாழும் டில்லி, பின்லாந்து நாட்டின் ஒரு மாகாணம் ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம். ஆராய்ந்தபின், நம் வீடுகளில் ஆணின் இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் அளந்து, பெண்ணின் இரத்த அழுத்தத்தை அளக்காமலே விட்டுவிடும் வழக்கம் தகுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

முதலில் அமெரிக்கா. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலமானார். வயது 63. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190 என்று அளக்கப்பட்டது. முந்திய ஆண்டிலேயே அது 186-க்கு 108 என்று இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்குக்கூட அதனைத் தணிக்கத் தக்க மருந்து அக்காலத்தில் இல்லை. மருந்து இல்லாததைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. வயது ஏற ஏற அழுத்தம் ஏறுவது இயல்பே என்று மருத்துவர்கள் பலர் கருதினர். 'வயதோடு நூறைக் கூட்டிக்கொள்' என்பது அக்காலத்துக் கணக்கு. அறுபது வயதினருக்கு 160 இருந்தால் யாரும் கவலைப்படவில்லை. அந்தக் கணக்கை நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து இன்றும் கேட்கலாம்.

1948-இல் ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இருதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில், பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 20 மைல் தொலைவிலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நோயாளிகளை ஆஸ்பத்திரியில் வைத்து ஆராய்வதே அதுவரை இருந்த முறை. இங்கோ நோயில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை அழைத்து, அழுத்தம், இரத்தத்திலுள்ள கொழுப்பு, எடை, பழக்கவழக்கம் யாவற்றையும் அளந்து எழுதி வைத்துக் காத்திருந்தனர். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். மொத்தம் 5,209 பேர் சேர்ந்தனர். அவர்களுள் 2,873 பேர் பெண்கள். மாரடைப்பு ஆண்களின் நோய் என்று கருதப்பட்ட அந்நாளில், பாதிக்கு மேற்பட்ட இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது இந்த ஆராய்ச்சியின் பெருஞ்சிறப்பு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1961-இல், டாக்டர் வில்லியம் கான்னலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் வாயிலாகவே 'அபாயக் காரணி' என்ற கருத்து மருத்துவ உலகெங்கும் பரவியது. உயர்ந்த இரத்த அழுத்தமும் இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ராலும் இருப்பவர்க்கு நோய் மிகுதி என்று அது காட்டியது. சிகரெட்டின் தீமை அதற்கு முந்திய ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. உடலுழைப்பு காக்கும், உடற்பருமன் கெடுக்கும் என்பவை 1967-இல் தெளிவாயின. 'வயதோடு நூறு' என்ற கணக்கும் இந்த ஆராய்ச்சியினால் செல்லாக்காசாயிற்று. எந்த வயதிலும், ஆணாயினும் பெண்ணாயினும், அழுத்தம் உயர உயர அபாயமும் உயர்கிறது என்பதே கண்ட உண்மை.

பெண்களைப் பற்றி அங்கே கண்டது யாது? 1976-இல் 24 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுள் ஒருவருக்கேனும் அந்த 24 ஆண்டுகளில் மாரடைப்பு நேரவில்லை. மாதவிடாய் நின்றபின் அந்தப் பாதுகாப்புக் குறைந்துவிட்டது. இந்த உண்மையின் முற்பாதியை மட்டும் உலகம் மனத்தில் வாங்கிக்கொண்டது. 'பெண்களுக்கு இருதய நோய் வராது' என்று அதனைச் சுருக்கிவிட்டது. உண்மையில் அந்தக் கணக்கு கூறியது, பெண்களுக்குப் பிந்தி வரும் என்பதே. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' என்ற ஆராய்ச்சியும் இதனையே உறுதிப்படுத்தியது. முதல் மாரடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் பிந்தி வருகிறது. பிந்தி வருவது வராமல் இருப்பதாகாது. அமெரிக்காவில் 1984 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம், இருதய இரத்தக் குழாய் நோய்களால் ஆண்டுதோறும் இறந்தோருள் ஆண்களைவிடப் பெண்களே தொகையில் மிகுந்திருந்தனர்.

அந்த ஒன்பதாண்டுச் சலுகையும் நிபந்தனையற்றது அன்று. நீரிழிவு வந்துவிட்டால் பெண்ணுக்குள்ள சலுகையின் பெரும்பகுதி போய்விடுகிறது. நீரிழிவு ஆணின் இருதய அபாயத்தை எத்தனை மடங்கு உயர்த்துகிறதோ, அதனினும் கூடுதலாகவே பெண்ணின் அபாயத்தை உயர்த்துகிறது என்று பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டிருக்கின்றனர். புகைப்பழக்கமும் இவ்வாறே. ஒரே பழக்கம், ஆனால் பெண்ணின் இருதயத்துக்கு ஆணினும் சற்று மிகுதியாகத் தீங்கு செய்கிறது.

ஃபிரேமிங்ஹாமில் 1971-இல் முதல் தலைமுறையின் மக்களையும், 2002-இல் பேரக்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டனர். எனவே தலைமுறைக்குத் தலைமுறை காரணிகள் எவ்வாறு மாறுகின்றன என்பதையும் காண முடிந்தது. அந்நாட்டில் புகைப்போர் தொகை குறைந்தது. அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள் வந்தன. ஆனால் 1970-களுக்கும் 1990-களுக்கும் இடையே அவ்வூரில் புதிதாக நீரிழிவு காண்போரின் விகிதம் ஏறத்தாழ இரட்டித்தது. பெருத்த உடலினரிடமே அந்த ஏற்றம் மிகுதி. ஒரு வாயிலை அடைத்தால் நோய் மற்றொரு வாயிலைத் தேடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஃபிரேமிங்ஹாம் ஆராய்ச்சி உருவாகத் துணை நின்றவருள் ஒருவர் ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் பால் டட்லி ஒயிட். 1952-இல் அவரிடம் பயின்ற மாணவி ஒருவரை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். அவர் டாக்டர் பத்மாவதி. 1917-இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் கற்று, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயுடனும் சகோதரிகளுடனும் தப்பிக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னர் அயல்நாடுகளில் மேற்படிப்பு முடித்து, டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, 1954-இல் அங்கே இருதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இருதய நோய் நிபுணர் அவரே. ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவருக்கு அவருடைய வாழ்க்கையே ஓர் ஊக்கம். 2020-இல், தம் 103-ஆம் வயதில், டில்லியிலேயே காலமானார்.

1959-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நம் பொருளுக்கு நேரானது. நுரையீரல் நெடுநாள் கெட்டுப்போவதனால் இருதயத்தின் வலப்புறம் வீங்கித் தளர்ந்துபோகும் ஒருவகை நோய் உண்டு. மேனாடுகளில் இது பெரிதும் புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டில்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பெண்களும் ஆண்களைப் போலவே இதற்கு ஆளாகியிருந்தனர். அதுவும் ஆண்களைவிட இளவயதிலேயே. அப்பெண்களுள் புகைபிடிப்போர் மிகச் சிலர். பிறகு அந்த நுரையீரலைக் கெடுத்தது எது? காற்றோட்டமில்லாத அறையில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் அடுப்பின் புகை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண் விரும்பிப் பற்றவைத்த சுருட்டும் பீடியும் அவனுக்கு அபாயக் காரணிகள். குடும்பத்துக்குச் சோறாக்க மூட்டிய அடுப்பு பெண்ணுக்கு அபாயக் காரணி. 'புகைக்கிறாயா?' என்று மட்டும் கேட்கும் டாக்டருக்கு, அப்பெண் 'இல்லை' என்றே விடை சொல்லியிருப்பாள். அவள் அபாயம் ஏட்டில் ஏறாமலே போயிருக்கும். அடுப்பைப் பற்றிக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. பெண்ணின் நோயை அறிய வேண்டுமாயின், ஆணுக்கென்று எழுதிய கேள்விகள் போதமாட்டா.

அந்தக் காரணியும் இப்போது மாறி வருகிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாக 2019-க்குள் எட்டுக் கோடி எரிவாயு இணைப்புகள் ஏழைக் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்டன. ஆனால் அடுக்களையைவிட்டு வெளியேறிய புகை தெருவில் வேறு உருவத்தில் நிற்கிறது. குளிர்காலத்து டில்லிக் காற்றிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களையும் தாக்கி மாரடைப்பு அபாயத்தை உயர்த்துகின்றன. அந்தக் காற்றுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை.

தென்னாட்டாராகிய நமக்கு நேரே தொடர்புள்ள மற்றோர் ஆராய்ச்சி ரயில்வேயில் நடந்தது. பம்பாயில் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியரின் மரணக் கணக்கைப் பார்த்து, 1967-இல் வெளியிட்டார். மாரடைப்பு மரணம் பஞ்சாபியரைக் காட்டிலும் தென்னிந்தியரிடம் ஏழு மடங்கு மிகுந்திருந்தது. நெய்யும் பாலும் தாராளமாக உண்பவரோ பஞ்சாபியர். இதைக் கொண்டு, நெய் நல்லது என்று முடிவு கட்டியவரும் உண்டு. அவ்வாறு ஒரே தாவலில் முடிவுக்கு வருவது முறையன்று. இரு திசையினருக்கும் உணவு ஒன்றில் மட்டுமா வேறுபாடு? உழைப்பு, உடல்வாகு, பழக்கம் எல்லாமே வேறுபடுகின்றன. சற்று முன் சொன்ன இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி இந்தச் சிக்கலைத் தெளிவாக்கியது. புகை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனச்சுமை, காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாரடைப்பு அபாயத்தில் ஆண்களிடம் 90 சதவிகிதத்துக்கும் பெண்களிடம் 94 சதவிகிதத்துக்கும் அவையே கணக்குச் சொல்லிவிடுகின்றன. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏனைய நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தி வருவதற்கும், இக்காரணிகள் நம்மிடம் இளமையிலேயே வந்து குடியேறுவதே பெரும் விளக்கம் என்று அதே ஆராய்ச்சியினர் கண்டனர்.

'எல்லாம் தலையெழுத்து' என்று இருந்துவிடுவோருக்கு விடை சொல்ல ஒரு நாடு இருக்கிறது. அது பின்லாந்து. அதன் கிழக்கே, ருஷ்ய எல்லையை ஒட்டி, வட கரேலியா என்ற மாகாணம் உள்ளது. காடும் ஏரியும் பால்பண்ணையும் நிறைந்த இடம். மரம் வெட்டும் உழைப்பாளிகளின் நாடு. ஆனால் 1970-ஆம் ஆண்டையொட்டி, உலகத்திலேயே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மிகுதியாக மாண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அம்மாகாணத்து மக்களே 1971-இல் தலைநகருக்கு விண்ணப்பம் அனுப்பி உதவி கேட்டனர். 1972-இல் ஒரு திட்டம் தொடங்கியது. முப்பது வயதும் நிரம்பாத டாக்டர் பெக்கா பூஸ்கா அதனை நடத்தினார்.

அங்கே ஏறத்தாழ எல்லோருமே ரொட்டியில் வெண்ணெயைக் கனமாகத் தடவி உண்டனர். காய்கறியைக் கால்நடைத் தீவனம் என்று ஆண்கள் ஏளனம் செய்தனர். ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் புகைத்தனர். பூஸ்காவின் குழுவினர் ஆஸ்பத்திரியில் அமர்ந்து நோயாளிக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்றனர். மார்த்தா என்ற இல்லத்தரசியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. கிராமங்களில் மாலை விருந்துகள் நடத்தி, பழைய உணவையே உப்பும் வெண்ணெயும் குறைத்துச் சமைத்துக் காட்டிப் பரிமாறினர். பால்பண்ணைக்காரருக்குப் பிழைப்புக் கெடாதிருக்க, பழச்சாகுபடிக்கு ஊக்கம் கிடைத்தது. ஆண்களின் உயிரைக் காக்கத் தொடங்கிய அந்தப் பணியில், பெரும்பகுதி பெண்களின் அடுக்களையில் நடந்தது.

நாற்பது ஆண்டுகளில் கிழக்குப் பின்லாந்தின் நடுவயதினரிடையே மாரடைப்பு மரணம் ஆண்கள், பெண்கள் இருபாலாரிடமும் 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. அக்குறைவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகை ஆகிய மூன்றின் மாற்றத்தால் விளைந்தது. எஞ்சியதில் நல்ல சிகிச்சைக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த வெற்றிக் கதையிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. ஆண்களிடம் புகைப்பழக்கம் குறைந்துகொண்டே வந்த அதே காலத்தில், பெண்களிடம் அது பெருகியது. தொடக்கத்தில் பத்தில் ஒரு பெண் புகைத்தாள். முப்பது ஆண்டு கழித்து ஐந்தில் ஒருத்தி. அதன் பிறகே அது இறங்கத் தொடங்கியது. ஆண்களின் எடையோ ஏறிக்கொண்டே இருந்தது. காரணிகள் குறையும்போதுகூட இருபாலாரிடமும் ஒரே திசையில் நடப்பதில்லை.

பின்லாந்தில் இறங்கிய படி, நம்மிடையே எத்திசையில் செல்கிறது? டில்லியிலும் அதனை அடுத்த ஹரியானாக் கிராமங்களிலும், 35 முதல் 64 வயது வரை உள்ளவர்களை 1991-க்கும் 1994-க்கும் இடையே ஒரு முறையும், 2010-க்கும் 2012-க்கும் இடையே மறுமுறையும் அளந்தார்கள். உயர் இரத்த அழுத்தமுடையோர் நகரத்தில் 23 சதவிகிதத்திலிருந்து 42 சதவிகிதமாகவும், கிராமத்தில் 11 சதவிகிதத்திலிருந்து 29 சதவிகிதமாகவும் ஏறியிருந்தனர். முதல் அளவின்போது நகரம் நின்ற இடத்தை மறு அளவின்போது கிராமம் தாண்டிவிட்டது. 'ஊருக்குப் போய்விட்டால் நோய் போய்விடும்' என்று ஓய்வுக் காலத்தைப் பற்றிக் கனவு காண்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடற்பருமனின் கணக்கு ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எடை மிகுந்த பெண்கள் 2005-06-இல் 12.6 சதவிகிதம், ஆண்கள் 9.3 சதவிகிதம். 2019-21-இல் அவை 24 ஆகவும் 22.9 ஆகவும் உயர்ந்தன. ஆண்கள் பெண்களை எட்டிப்பிடித்துவிட்டனர். தமிழ்நாட்டிலும் டில்லியிலும் பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு நால்வர் எடை மிகுந்தவர்கள். விட்டு வந்த ஊரும் குடிபுகுந்த ஊரும் இதில் ஒற்றுமையாக இருக்கின்றன. ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. புகைபிடிக்கும் ஆண்கள் 2009-10-இல் 24.3 சதவிகிதமாக இருந்து 2016-17-இல் 19 சதவிகிதமாகக் குறைந்தனர். பெண்களிடமோ, புகைப்பதைவிட வாயிலிட்டு மெல்லும் புகையிலையே மிகுதி; அதுவும் சேர்ந்த புகையிலைக் கணக்கு 20.3-லிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை என்பது பாட்டிமார் காலத்தில் யாருக்கும் தவறாகப் படவில்லை. பேத்திமார் அதனை விட்டுவிட்டனர். நாற்காலியை விட்டு எழுந்திராத வாழ்க்கை அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

மாதுங்காவிலும் கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் வாழும் நம்மவர் அடுக்களையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். குடிபுகுந்த ஊரின் சமோசாவையும் நம்கீனையும் அன்போடு ஏற்றுக்கொண்டோம். பிறந்த ஊரின் அப்பளம், வடாம், ஊறுகாய், மோர் மிளகாய் எதனையும் விடவுமில்லை. விடுமுறைக்குப் போய்வரும்போது பெட்டி நிறையக் கொண்டுவருகிறோம். இரண்டு நாட்டு உப்பும் இரண்டு நாட்டு எண்ணெயும் ஒரே தட்டில் கூடுகின்றன. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. குழம்பு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஊறுகாயை அடியோடு ஒழிக்குமாறு நாம் கூறவில்லை. தொட்டுக்கொள்வதற்கென்று ஏற்பட்டதைத் தொட்டுக்கொண்டாலே போதும்.

இந்த வீட்டில் அழுத்தத்தை அளந்துகொண்டவர் யார்? உத்தியோகம் பார்க்கும் ஆணை அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் ஏதேனும் ஒரு படிவத்துக்காகவாவது டாக்டரிடம் அனுப்புகின்றன. வேலைக்குச் செல்லாத பெண்ணை அவ்வாறு அனுப்புவார் இல்லை. பிரசவத்தின்போது அளந்ததே பலருக்குக் கடைசி அளவு. வேலைக்குச் செல்லும் பெண்ணோ அலுவலகச் சுமை ஒன்று, அடுக்களைச் சுமை ஒன்று என இரண்டையும் தாங்கி, மூச்சு வாங்கினால் 'வயதாகிறது' என்கிறாள். களைப்பு மிகுந்தால் 'சரியாகத் தூங்கவில்லை' என்கிறாள். சொந்த ஊரில் என்றால் அக்காவோ அத்தையோ முகம் பார்த்து, 'ஏன் இப்படி வெளுத்திருக்கிறாய்?' என்று கேட்டிருப்பார்கள். அயல் மாநிலத்தில் அப்படிக் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கணவரும் மக்களுமே.

பெண்ணின் மாரடைப்பு நாடகத்தில் காட்டுவது போல் எப்போதும் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக இருப்பதில்லை. மார்புவலியே பெண்களுக்கும் பொதுவான அடையாளம். ஆயினும் அதனோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணம் தெரியாத பெருங்களைப்பு ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகத் தோன்றுகின்றன. 'வாயு' என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவது ஆபத்தில் முடியக்கூடும். இவ்வகையில் நாழிகை ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளது. ஐயம் எழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதே முறை.

மற்றொன்றையும் பெண்கள் மறவாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலும், சர்க்கரை கண்டிருந்தாலும், பிரசவத்தோடு அது தணிந்துவிட்டதே என்று மறந்துவிடலாகாது. அவ்வாறு கண்டவருக்குப் பிற்காலத்தில் இருதய நோயின் அபாயம் ஏனையோரைவிட மிகுதி என்பது இப்போது உறுதியாகத் தெரிந்திருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்திய பிரசவச் சீட்டு ஒன்று, இன்றைய டாக்டருக்குப் பெருந்துணையாகும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், எடை, இடுப்பளவு என்ற ஐந்து எண்களையும் வீட்டிலுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற அதே புத்தகமாகவும் இருக்கலாம். ஒரு பக்கத்தில் கணவர் பெயர், எதிர்ப்பக்கத்தில் மனைவி பெயர். ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கம் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையே முதலில் கவனிக்க வேண்டிய அபாயக் காரணி. ஃபிரேமிங்ஹாம் ஊரார் 1948-இல் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய இதுவேதான்: நோய் வருமுன் அளந்து எழுதினர், ஆணையும் பெண்ணையும் சேர்த்தே எழுதினர். அவர்கள் எழுதி வைத்த எண்களால் உலகம் பயன் பெற்றது. நாம் எழுதி வைக்கும் எண்களால் நம் குடும்பமேனும் பயன் பெறட்டும்.